அப்பாவின் பெயருக்கு முன் ஒரு ‘தி’

ரப்பர் பாலின் புளித்த வாடை ஏறிய சட்டையோடு பள்ளிக்குச் சென்று, இன்று இரும்புக் கதவு போட்ட வீடுகளில் முதுமையைக் கழித்துக்கொண்டிருக்கும் என் வயதொத்தோரே, உங்களிடம் ஒன்று கேட்கின்றேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத நேர்ந்தால் உங்களுக்கு இன்னமும் உள்ளங்கை வியர்க்கின்றதா? எனக்கு வியர்க்கின்றது.

சென்ற மாதம், மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் நான் குடியிருக்கும் சாலையின் விளக்கு எரியவில்லை என்று அக்கம்பக்கத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் எழுத முற்பட்டேன். பல இனத்தவரும் உள்ள குழுவாதலால் ஆங்கிலத்திலேயே எழுதினேன். கைபேசி ஓரிடத்தில் நீலக் கோடிட்டுக் காட்டியது. அங்கே ‘தி’ (the) என்னும் சொல் விடுபட்டிருந்ததாம். விரலால் தொட்டேன், அது தானே வந்து அமர்ந்துகொண்டது. இத்தனை எளிதில் வந்தமரும் அச்சிறு சொல்லின் பொருட்டுப் பதின்மூன்று வயதில் நான் பட்ட பாட்டை எண்ணித் தனியே சிரித்தேன். இப்பொழுது சிரிக்க முடிகின்றது. அக்காலத்தில் அது எங்கள் குடும்பத்தையே வீதியில் நிறுத்திவிடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்தவர்களை நேரே மேல்வகுப்புக்கு அனுப்பாமல், ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்த்தி மொழி பழக்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து அவ்வாண்டு ஆங்கிலப் பள்ளிக்குச் சென்ற பெண்பிள்ளை நான் ஒருத்தியே. மாவு பூசி வெளுப்பாக்கிய துணிச் சப்பாத்தில் செம்மண் படாதிருக்க, அதனைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய சாலை வரை வெறுங்காலோடு நடப்பேன். சாலையோரக் கால்வாயில் கால் கழுவி, ஈரத்தோடு சப்பாத்தை மாட்டிக்கொள்ளவும் மஸ்ஜித் தானா செல்லும் பஸ் வரவும் சரியாக இருக்கும். பஸ்ஸில் டீசல் நெடியும், யாரோ மடியில் வைத்திருக்கும் வாழையிலைப் பலகாரத்தின் மணமும் கலந்து வீசும். அவ்விரண்டும் ஒருசேர வந்தால் எனக்கு இன்றும் வீட்டுப்பாடம் முடிக்காதவளின் பயம் தோன்றும்.

எங்கள் ஆங்கில ஆசிரியை அதிகம் பேசமாட்டார். அவருடைய சிவப்புப் பேனாவே பேசும். சூரியன் கிழக்கில் உதிக்கின்றது என்று நான் ஆங்கிலத்தில் எழுதினால், இரண்டிடங்களில் சின்னக் கூரை போன்ற குறியிட்டு ‘தி’யை உள்ளே நுழைப்பார். என் கட்டுரை நோட்டின் பக்கங்கள் சிவப்புக் கூரை வேய்ந்த மலாய்க் கிராமம் போலக் காட்சியளித்தன. நம் மொழியில் இல்லாத ஒன்று, ஓரிடத்தில் இல்லை என்பதை நாம் எங்ஙனம் உணர்வது? சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இன்னதென்று தெரிந்த பொருளாயின் அதைப் போடவேண்டும். ஆட்களின் பெயர்களுக்கு முன்னால் போடலாகாது. இந்த இரண்டு விதிகளையும் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன். ஆண்டின் நடுப்பகுதியில் கூரைகள் குறையத் தொடங்கின. ஒருநாள் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளையாகவே திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தைப் பஸ்ஸிலேயே நான்கு முறை திறந்து பார்த்தேன்.

அந்த மகிழ்ச்சியின் சூடு ஆறுவதற்குள் அப்பா விழுந்தார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. சைக்கிளின் பின்புறம் இரண்டு பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கியவர் சறுக்கி விழுந்து, தொடையெலும்பை முறித்துக்கொண்டார். தோட்டத்து லோரியில் ஏற்றி மலாக்கா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளி விட்டு வந்த நான் அந்தச் சரிவைத்தான் முதலில் கண்டேன். செம்மண்ணில் வெள்ளையாய் ஓடிய பால், உறைந்து தோலாகிக் கிடந்தது. பல வாரங்கள் கழித்து இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு அப்பா வீடு திரும்பியபோது, இனி மலைக்காட்டில் வாளி சுமக்க இயலாது என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அதற்கடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட காகிதம் ஒன்று வந்தது. என்னிடம் நீட்டினார்கள். என் ஆங்கிலம் ஒருவருக்குத் தேவைப்பட்டது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமை இரண்டாம் வரி வரையில் நிலைத்தது. தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் வேலையாள் எவரும் இல்லாத குடும்பம், மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மா புல் வெட்டினார் என்றாலும், வெளிக் குத்தகைக்காரரிடம் வெட்டியதால் அவர் பெயர் செக்ரோலில் இல்லை.

“காலி பண்ணிட்டு எங்க போறது?” என்றார் அம்மா.

பாச்சாங்கில் தூரத்து உறவினர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கிடைக்கலாம். ஆனால் அங்கே போனால் நானும் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கவேண்டியதுதான்; பள்ளி அத்தோடு முடிந்துவிடும். இதனை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா என் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதில் நான் அறிந்துகொண்டேன்.

தோட்டத்து மேனேஜரான தொரை அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். முன்பிருந்தவர் வெள்ளைக்காரர், இவர் உள்நாட்டுக்காரர். ஆயினும் தொரைக்கு எதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால்தான் செல்லும் என்பது எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருடைய திடமான நம்பிக்கை. வழக்கமாக மனு எழுதிக் கொடுப்பவர் ஆபீஸ் எழுத்தரான கிராணி. அவரோ கண்டிப்பானவர், சிரிக்காதவர். காகிதத்தை அனுப்பியவரே அவர்தான் என்பதால் இம்முறை அவரிடம் போகவேண்டாம் என்று முடிவாயிற்று. ஆகவே எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். என் நோட்டின் நடுத்தாளைப் பிரித்தெடுத்து, அரிசி டின்னின் மூடிமேல் வைத்து எழுதலானேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி வந்தார்.

“தொரைக்கு முன்னாடி தி போட்டியா?”

“போட்டேம்பா.”

“ஆபீசுக்கு?”

“போட்டேன்.”

“என் பேருக்கு?”

“பேருக்கெல்லாம் போடக்கூடாதுப்பா. டீச்சர் செவப்புப் போட்டுருவாங்க.”

அப்பா முழங்கையை ஊன்றி எழ முயன்றார். “இருவது வருசமா கிராணி இங்கிலீஷ் பேசுறதக் கேக்குறேன். தொரைன்னா தி மேனேஜர்ங்கிறாரு. ஆபீஸ்னா தி ஆபீஸ்ங்கிறாரு. லோரிக்குக் கூட தி போடுறாரு. காலையில பெரட்டுல நின்னா, என் பேர மட்டும் மொட்டையாக் கூப்பிடுறாரு. லோரிக்கு இருக்கிற மரியாத எனக்குக் கெடையாதா?”

விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்தப் பெரட்டில் இருபது ஆண்டுகள் நின்று, அப்பா தாமாகக் கண்டுபிடித்த இலக்கணம் இது. அந்தச் சொல்லை அவர் மரியாதைச் சொல் என்றே எண்ணியிருந்தார். நான் விதியை விளக்க முனைந்தேன்.

“மரியாத இல்லப்பா அது. சொல்றவங்க, கேக்குறவங்க ரெண்டு பேருக்கும் எதுன்னு தெரிஞ்சிருக்கணும். அப்படி இருந்தாத்தான் போடணும்.”

“தொரைக்கு என்னையத் தெரியும். எனக்கு என்னையத் தெரியாதா? ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சில்ல, போடு.”

நான் பேனாவைக் கடித்துக்கொண்டு, இரண்டு விதிகளையும் மறுபடி முணுமுணுத்துப் பார்த்தேன்.

அதற்குள் லயத்து ஆட்கள் கைநாட்டு வைக்க வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவர் பக்கத்து வீட்டு மாமா. அம்மாவை அவர் தங்கச்சி என்று அழைப்பார். அப்பாவுக்கு அவர் மச்சான். பெரிய குரலும் ஓயாத கேலியும் உடையவர். அவர் மகனுக்கு அவ்வாண்டுதான் திருமணமாகியிருந்தது. இரண்டு அறைக்குள் ஏழு பேர். புதுமணத் தம்பதியர் வாசல் திண்ணையான அஞ்சடியில் கைலியைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுத்தார்கள்.

“என்னா லா சண்ட?” என்றார் மாமா.

அப்பா விவரம் சொன்னார். மாமா என்னைப் பார்த்து, “எனக்கு ரெண்டு தி போடு பாப்பா. ஒடம்புக்குத் தகுந்த மாதிரி வேணுமில்ல?” என்றார்.

“ஒன்னையே நீ தாங்க மாட்ட மச்சான்,” என்றார் அப்பா. விழுந்த பின்னர் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

வாசலில் நின்ற பெண்கள் விடவில்லை. “ஆம்பளைங்களுக்கு மட்டுந்தானா? நாங்க மரம் வெட்டலையா, பால் தூக்கலையா?” என்றார் ஓர் அத்தை. “போடும்மா, எல்லாருக்கும் போடு,” என்றார் அப்பா. அம்மா மட்டும் தமக்கு வேண்டாமென்றார். “இவளுக்குத்தான் மொதல்ல,” என்று அப்பா முடித்துவிட்டார்.

ஆக, நான் கற்ற விதிக்கு முற்றிலும் மாறாக, அத்தனை பெயர்களுக்கு முன்னும் அச்சொல்லை எழுதினேன். ஒவ்வொன்றை எழுதும்போதும் சிவப்புப் பேனா என் முதுகில் கிழிப்பது போலிருந்தது.

பால் சேகரிக்கும் மங்கு ஒன்றில் மையூற்றிய துணியை வைத்திருந்தோம். பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டுகிறவர்களின் விரல்களை நீங்கள் அறிவீர்கள். உலர்ந்த பால் ரேகைகளை மூடியிருக்கும். அதைச் சுரண்டியெடுத்து, உருண்டையாகத் திரட்டி எறிந்துவிட்டுக் கைநாட்டு வைத்தார்கள். மாமாவின் முதல் கைநாட்டு நீலத் திட்டாய் அமைந்துவிட்டது. “பரவால்ல மாமா,” என்றேன். அவர் ஒப்பவில்லை. மண்ணெண்ணெய் கேட்டு வாங்கிக் கட்டைவிரலைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் பதித்தார்.

“தெளிவா இருக்கணும் பாப்பா. யாரு வச்சதுன்னு தொரைக்குத் தெரியணும்.”

அவர் கேலிகளில் இதுவும் ஒன்றென்றே நான் எண்ணினேன்.

எல்லாரும் கலைந்த பின்னர் மனுவை மறுபடி படித்தேன். தொரை இதனைப் படித்து நகைத்துக் கிழித்துப்போடுவார், என் பிழையால் வீடு போய்விடும் என்று தோன்றிற்று. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அமர்ந்து, வேறொரு தாளில் அதே மனுவைப் பிழையின்றி எழுதினேன். வரவேண்டிய இடங்களில் மட்டுமே அச்சொல் வந்தது. அப்பாவின் பெயருக்கு முன் ஒன்றுமில்லை. ஆசிரியை பார்த்திருந்தால் ஒரு கூரைகூட வேய்ந்திருக்கமாட்டார். லயத்தாரின் பெயர்களும் கைநாட்டுகளும் மட்டும் அதில் இல்லை. நல்ல ஆங்கிலமே போதும் என்று நான் நம்பினேன்; என் அறிவீனம் அது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாமல் அம்மாவோடு ஆபீசுக்குச் சென்றேன். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சரளைக் கல்லின்மேல் நின்றபடி சன்னல் வழியாகப் பேசுவதே அக்கால வழக்கம். கிராணி கையை நீட்டினார். பையில் இரண்டு தாள்களும் இருந்தன. நான் பிழையில்லாததை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் முழுவதும் படித்தார். “யாரு எழுதுனது?”

“எம் மக,” என்றார் அம்மா.

“நல்லா எழுதியிருக்கு.” என் காது குளிர்ந்தது. அடுத்த கணமே அவர், “கைநாட்டு எங்க? லயத்துல ஒருத்தருமா உங்களுக்காக வைக்கல?” என்றார்.

“எல்லாரும் வச்சாங்களேங்க! நேத்து வாசல் நெறய நின்னாங்களே!” அம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை என்னவென்று எழுதுவேன்! ஊரார் கொடுத்ததை நான் தொலைத்துவிட்டேன் என்று அவர் அஞ்சினார்.

சரளைக் கல் உள்ளங்காலில் குத்திக்கொண்டிருந்தது. கைநாட்டு வைத்த தாளைக் கொடுத்தால் அப்பாவை நோக்கிச் சிரிப்பார்கள். கொடுக்காவிட்டால் எங்களுக்கு ஆளே இல்லை என்று கருதுவார்கள். பையைத் திறந்து மற்றதை நீட்டினேன்.

கிராணி படிக்கப் படிக்க அவர் மீசையின் ஓரம் அசைந்தது. பெயர்ப் பட்டியலை எட்டியதும் அசைவு நின்றுவிட்டது. ஓரிடத்தில் விரலை வைத்து, இன்னொரு முறை பார்த்தார். பின்னர் தாளோடு உள்ளே போனார்.

அவர் தொரையை அழைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தொரை என் ஆங்கிலத்தைப் படித்ததாகவே தெரியவில்லை. பட்டியலில் ஒரே ஒரு கைநாட்டைச் சுட்டிக் கிராணியிடம் மலாயில் எதையோ கேட்டார். கிராணி எங்களிடம் திரும்பினார்.

“ஏம்மா, இந்தாளுக்கு இது என்ன பேப்பர்னு தெரியுமா? உங்க வீட்ட இவரு மகனுக்குத்தான் கொடுக்கிறதா எழுதியாச்சு. ஆறு மாசமா வீடு கேட்டுக்கிட்டிருந்தாரு. போன வாரமே நான் அவர்கிட்டச் சொல்லிட்டேன்.”

அம்மா அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது பக்கத்து வீட்டு மாமாவின் கைநாட்டு.

மாமாவைக் கூட்டிவர ஆள் போனது. பால் கொட்டகையிலிருந்து, முழங்கை வரை பால் வழிய, வேர்த்த முகத்தோடு வந்தார். சரளையில் எங்களுக்கு அருகே நின்றார்.

“காவ் தாவு இனி சூராட் அப்பா?” என்று தொரை கேட்டார். இது என்ன கடிதமென்று தெரியுமா என்று பொருள்.

“தாவு துவான்,” என்றார் மாமா. தெரியும் என்று சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே, “ருமா டியா ஓராங், காசி டியா ஓராங் லா,” என்றார். அவர்கள் வீடு, அவர்களுக்கே கொடுங்கள் என்று அர்த்தம். கேலியற்ற குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

தொரை மூவரையும் பார்த்தார். கிராணி தணிந்த குரலில் ஏதோ சொன்னார். நாற்று மேடையில் பைகளில் மண் நிரப்ப ஆள் தேவைப்பட்டதாம். அம்மாவின் பெயரைச் செக்ரோலில் சேர்த்துவிட்டால், வீட்டை விடவேண்டிய விதியே எங்களுக்குப் பொருந்தாது என்பதை அவரே எடுத்துரைத்தாராம். தொரை தலையசைத்தார். எங்கள் பகைவர் என்று லயமே ஒதுக்கி வைத்திருந்த மனிதர், எங்களுக்காக வழி தேடியதை அன்று கண்டேன்.

நான் மனு எழுதியமைக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் சன்னலருகே தயங்கி நின்றேன். கிராணி எட்டிப் பார்த்தார்.

“இங்கிலீஷ் தப்பாப் போச்சுங்க,” என்றேன்.

“அதுக்கென்ன? தொரை எழுதுறதையே நாந்தான் திருத்துறேன்,” என்றார், சொன்னபின் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுவாரமே அம்மா நாற்று மேடைக்குப் போனார். கட்டுப் பிரித்த பிறகு அப்பாவும் அங்கேயே உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். நான் பள்ளிக்குப் பஸ் ஏறுவது தடைப்படவில்லை. மாமாவின் மகனுக்கு மறு ஆண்டு, கீழ் லயத்தில் ஒரு வீடு காலியாகிக் கிடைத்தது. இரண்டு தாள் எழுதிய குற்றத்தை அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். பிழையில்லாத தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதுல எனக்கு தி இருக்கா?” என்றார். இல்லை என்றேன். “அப்புறம் இது என்னா சரி லா?” என்று கூறிப் படுத்துக்கொண்டார். அந்தத் தாள்கள் இரண்டும் பின்னர் எங்கே போயின என்று அறியேன்.

ஆயினும் நண்பர்களே, அக்காலத்தை எண்ணும்போது எனக்கு முதலில் தோன்றுவது ஆபீசிலிருந்து நாங்கள் மூவரும் திரும்பி வந்த வழிதான். நெஞ்சில் ஏறியிருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. இருபுறமும் பால்மரங்கள் வரிசையாய் நின்றன. வெயில் துண்டுதுண்டாய் விழுந்துகொண்டிருந்தது. மாமா முன்னால் நடந்தவாறு, விரலில் ஒட்டிய பாலை உரித்து எறிந்துகொண்டு வந்தார். அம்மா பாதி வழியில் நின்றார்.

“ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? புதுப் பொண்ணு வாசல்ல படுத்துக் கெடக்குதே.”

மாமா திரும்பாமலே சொன்னார்: “அட, மருமகப் பொண்ணுக்கு உங்க அடுப்பங்கரை புடிக்கலையாம் தங்கச்சி. புகை போகமாட்டேங்குதாம். வேற வீடு வரட்டும்னு சொல்லிட்டா.”

எங்கள் லயத்தில் ஆறு அடுப்பங்கரைகளும் ஒரே அளவில், ஒரே தகரக் கூரையின் கீழ்க் கட்டப்பட்டவை. எங்களுடையதற்கும் அவர்களுடையதற்கும் இடையே ஒரு பலகைச் சுவர்தான்; அதுவும் கூரையைத் தொடாது. எங்கள் புகை அவர்கள் பக்கமும் அவர்கள் புகை எங்கள் பக்கமுமாய்ப் போய் வரும். இதனை அம்மா அறியாதவர் அல்லர்.

“ஆமாண்ணே, ரொம்பப் புகைதான்,” என்றார் அம்மா. திறந்த வெளியில், காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்த அந்தப் பாதையில் நின்று, முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.